டாக்டர் மீசை மீது ஒரு புகார்

எங்கள் வெதர்க்ளஃப் ஊர்க் கவுன்சில் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதன் கதவில் பித்தளைப் பலகை. "எஸ்ரா பிக்கிள்ஸ், தொல்லைகளின் ஆய்வாளர்." சட்டத்தில் அந்த உத்தியோகத்துக்கு அதுதான் பெயராம். வழிந்து ஓடும் சாக்கடை, கொல்லையில் வளர்க்கும் பன்றி, தண்ணீர் கலந்த பால் எல்லாம் சட்டத்தின் பார்வையில் தொல்லை. அதை எங்களுக்கு யார் விளக்கிச் சொன்னார்கள்? பலகையில் தொல்லை என்று இருந்தது, எங்களிடம் தொல்லைக்கா பஞ்சம்? எங்கள் பாபின் தெருவிலிருந்து முதலில் போனவள் மிசஸ் க்ராப்ட்ரீ. தன் மாமியார் மீது புகார் கொடுத்தாள்.

"நாத்தம் அடிச்சாத்தாம்மா அது என் இலாகா" என்றாராம் பிக்கிள்ஸ்.

"அதத்தானே நானும் சொல்றேன்!" என்றாளாம் இவள்.

அன்றிலிருந்து தெருவில் அவருக்குத் தொல்லை இன்ஸ்பெக்டர் என்றே பெயர். வட்டத் தொப்பியும் கிருமி கொல்லும் கார்பாலிக் மருந்து வாசனையுமாக அவர் முனையில் திரும்பும்போதே, யார் வீட்டுக்கு என்று தெரிந்துகொள்ள எல்லாக் கதவும் ஒரு விரற்கடை திறக்கும். என் கதவைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக் காலர் தைப்பது என் பிழைப்பு. வெளிச்சம் வேண்டும், அதற்காகத்தான் ஜன்னலோரம். தெருவில் நடப்பது கண்ணில் பட்டால் அது தெருவின் குற்றம்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே செலினா ஹோல்ராய்ட் வீடு. தறிக்காரி. புருஷன் தென்னாப்பிரிக்கச் சண்டைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான், மண்ணுக்கடியில். மிச்சம் இருந்தது க்ளாரி என்ற ஒரே பெண். அப்பனைப் பார்த்தேயிராத குழந்தை, ஆனால் அப்பனைப் போலவே வாய்.

செலினாவுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. மில்லுக்குள் அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் பத்து வருஷம் நின்றால் யாருக்குத்தான் மிஞ்சும்? ஆனால் மில்லுக்காரப் பெண்களுக்குக் காது எதற்கு? அவர்கள் உதட்டால் பேசுவார்கள். சத்தமே வராது. வாயை மட்டும் அகலமாக அசைப்பார்கள், எதிரே இருப்பவள் அதைக் கண்ணால் படித்துக்கொள்வாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு குடும்பத்தின் மானத்தையே அப்படி ஏற்றி அனுப்புவார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஓர் எழுத்து புரியாது. நான் மில்லுக்குப் போகாதவள். என் வாழ்க்கையில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அது.

அந்தப் பேச்சிலும் ஓட்டை உண்டு. ஒருமுறை செலினா தன் தறியில் நூல் முடிந்துவிட்டதென்று "பாவு தீந்து போச்சு" என்று சொல்லப்போக, நாலு தறி தள்ளி நின்றவள் மறுநாள் காலை ஒரு கிண்ணம் நிறைய மாவு கொண்டுவந்து நீட்டினாள். "ஏண்டி, வீட்ல மாவு இல்லன்னு வாய் விட்டுக் கேட்டியே!" மில் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. செலினா மாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் செங்காய்ச்சல் வந்தது. குழந்தைகளுக்குத் தொண்டை வீங்கும், உடம்பு சிவக்கும், பிறகு பாம்புச் சட்டை போலத் தோல் உரியும். உரிந்த தோலிலிருந்து அடுத்த குழந்தைக்குப் போகும். ஒரு வீட்டில் அப்படி இருப்பதாகத் தெரிந்தால் காய்ச்சல் வண்டி வந்து, மேட்டு வெளியில் ஊருக்கு எட்டாத இடத்தில் இருக்கும் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடும். பழுப்பு வண்டி, வெள்ளைக் குதிரை, உள்ளே எதுவும் தெரியாத பால் கண்ணாடி. அது தெருவில் போனால் பிள்ளைகள் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவார்கள். ஒரு நாயைப் பார்க்கும்வரை காலரை விடக் கூடாது, விட்டால் அடுத்தது நீதான். நாய் அகப்படாமல், ஒரு கையில் காலரும் ஒரு கையில் கரண்டியுமாக இரவுச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு.

வண்டி க்ளாரிக்காக வந்தபோது செலினா அதன் படியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வண்டியில் போன பேக்கரிக்காரர் மகன் திரும்பவில்லை. அது எல்லோருக்கும் நினைவிருந்தது. பிக்கிள்ஸ் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, அவள் படிக்கும்படியாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கைய எடும்மா. துணியெல்லாம் ஆவியில வெச்சு எடுப்போம். தோல் செருப்பு ஆவி தாங்காது, அது மருந்து போட்டுத் தொடச்சு என்கிட்டதான் இருக்கும். அதே செருப்ப மாட்டிக்கிட்டு இந்தப் படியில அவளே ஏறுவா. ஏறலன்னா என்னை வந்து கேளு."

"கேக்கல்லாம் மாட்டேன். கொன்னுடுவேன்" என்றாள் செலினா.

கட்டைச் செருப்பைச் சொன்னார். மேலே தோல், அடியில் மரம், அதற்கும் அடியில் இரும்பு லாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் க்ளாரி அந்த இரும்பு தேய வாசல் கல்லை உதைப்பாள். டக் டக், டமார். காது கேட்காத அம்மாவுக்கு அதுதான் அழைப்பு மணி. கல் வழியாகத் தரைக்குப் போய்த் தரை வழியாகச் செலினாவின் உள்ளங்காலுக்குப் போகும். "லாடத்துக்கு நீயாடி காசு குடுப்ப?" என்று திட்டிக்கொண்டே வந்து கதவைத் திறப்பாள். வண்டி போன பிறகு தெருவில் அந்தச் சத்தம் இல்லை. என் தையலில் தாளமே தப்பிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் பார்க்க மட்டும்தான். வெளியே கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அம்மாக்கள் கையை ஆட்டுவார்கள், அழுவார்கள், வந்துவிடுவார்கள். செலினாவுக்குத் துணையாக நானும் போனேன். துணைக்குத்தான். ஆஸ்பத்திரி உள்ளே எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்கு இருந்ததென்றால் அது வேறு விஷயம்.

அங்கேதான் வேடிக்கை. க்ளாரி தறிக்காரி மகள், பால்குடிக் காலத்திலிருந்தே உதட்டுப் பேச்சு தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அம்மா, சத்தமில்லாமல் ஊர்க்கதை பேசினார்கள். இதைப் பார்த்த மற்றவர்கள் செலினாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா, என் பையன்கிட்ட அவன் முயல் நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்லேன்."

செலினா உதட்டை அசைத்தாள். உள்ளே க்ளாரி திரும்பிப் பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். பையன் சிரித்தான்.

"முயல போன வாரமே கொழம்பு வெச்சாச்சு" என்று அந்த அம்மா என் காதில் சொன்னாள். "அத சொல்லிடாதீங்க."

"என்னடி சொல்றா உன் மக?" என்று நான் செலினாவைப் பிடுங்குவேன்.

"காலையில ஒரு பூச்சு, சாயங்காலம் ஒரு பூச்சாம். தலையிலேர்ந்து கால் வரைக்கும் கார்பாலிக் எண்ணெய். தோல் பறக்காம இருக்கவாம். 'வறுக்கப் போற மீன் மாதிரி இருக்கேம்மா'ங்கறா."

இப்படி ஐந்தாறு ஞாயிறு போனது. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் போய் நின்றபோது க்ளாரி ஜன்னலில் இல்லை. அவள் கட்டில் இருந்தது. மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். கட்டில் கம்பி வெறுமையாகத் தெரிந்தது. பக்கத்தில் புதிதாக வந்த இளம் டாக்டர் ஆம்ப்ளர் நின்று தலைமை நர்ஸிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மீசை பெரிது. ஆளை விடப் பெரிது என்றுகூடச் சொல்லலாம்.

செலினாவின் கண் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது.

"மூச்சு நின்னு போச்சாம்" என்றாள். காது கேட்காதவர்கள் பேசுவது போலவே, ஏற்ற இறக்கமில்லாமல் உரக்க.

"என்னடி சொல்ற?"

"ஹோல்ராய்ட் பொண்ணுக்கு நேத்து ராத்திரியோட மூச்சு நின்னு போச்சு. நாளைக்குக் கொண்டு போயிடலாம்கறான்."

அவ்வளவுதான். திரும்பினாள், நடந்தாள். கேட்டில் யாரையும் கேட்கவில்லை. யாராவது ஏதாவது சொன்னாலும் கேட்டிருக்காது, அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். மாடி ஜன்னல் திரை இறங்கியது. பிறகு கீழ் ஜன்னல் திரை இறங்கியது.

பகலில் ஒரு வீட்டில் திரை இறங்கினால் எங்கள் தெருவில் வேறு அறிவிப்பு தேவையில்லை. சாவு. அடக்கம் முடியும்வரை மற்ற வீடுகளும் திரையை இறக்க வேண்டும், இறக்காதவர்கள் மனிதர்களே இல்லை. நான் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் தெரு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. நானும் என் திரையை இறக்கினேன். தெருவில் இவ்வளவு பெரிய விஷயம் நடக்கிறது, நான் இருட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்வாசல் வழியாக மிசஸ் க்ராப்ட்ரீ வந்தாள். மாமியாரைப் புகார் செய்தாளே, அவளேதான். கண் சிவந்திருந்தது. ஆனால் கையில் கூடை.

"ஏ ஹெஸ்டர், செலினா கதவத் திறக்க மாட்டேங்கறா. குழந்தைக்குச் சட்டை தைக்கணும், குளிப்பாட்டணும், தெருவுல சாவுன்னா எல்லாம் நான்தானே செய்யணும்? எனக்கே திறக்க மாட்டேங்கறா! சரி, அடக்கத்துச் சாப்பாட்டுக்குப் பன்னித் தொடை ஹாமுக்குச் சொல்லிட்டேன்."

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடைடி திறந்திருக்கு?"

"கசாப்புக்காரனுக்குப் பின்வாசல் எதுக்கு இருக்கு? ஹாம் இல்லாம அடக்கம் பண்ணா நாளைக்கு நம்ம தெருவ யார் மதிப்பா? வெந்துகிட்டிருக்கு."

அவள் போனாள். நான் மறுபடி இருட்டில். செய்வதற்கு ஒன்றுமில்லாததால் யோசித்தேன். மத்தியானம் பார்த்ததையெல்லாம் மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு உதடு படிக்கத் தெரியாது, ஆனால் முகம் படிக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த டாக்டர் சிரித்துக்கொண்டல்லவா இருந்தான்? மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறிற்றே. தலைமை நர்ஸும் சிரித்தாளே, கையால் வாயைப் பொத்திக்கொண்டு?

"ஏங்க, செத்த குழந்தையோட கட்டில் பக்கத்துல நின்னு ஒரு டாக்டர் சிரிப்பானா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"டாக்டர்னா சிரிக்கக் கூடாதா?" என்றார் ஜோசையா, நாற்காலியில் கண்ணைத் திறக்காமல்.

இந்த மனிதரோடு இருபது வருஷம் குடித்தனம். நான் தொப்பியை மறுபடி எடுத்தேன்.

பிக்கிள்ஸ் வீட்டில் தேநீர் நேரம். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கத்தி பாதியில் நின்றது.

"யார் சொன்னது, மிசஸ் ஸ்க்ரிவன்?"

"செலினா சொன்னா. டாக்டர் சொன்னத அவளே பாத்தா."

"அங்க ஒரு உயிர் போனா முதல்ல ஆள் ஓடி வர்றது என்கிட்டதான். சவப்பெட்டிக்குச் சொல்றதும் நான்தான். யாரும் வரலயே." தொப்பியைத் தேடினார். தலையில்தான் இருந்தது, சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை போலும். அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். "ஒருவேளை ஆள் வழியில இருக்கானோ என்னவோ. முதல்ல அந்தப் பொண்ணப் பாக்கணும். தனியா இருக்கா."

பாபின் தெருவில் அவர் தலை தெரிந்ததும் இறங்கியிருந்த திரைகளின் ஓரங்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. செலினாவின் கதவில் குத்தினார். கனமான கை. இரண்டு குத்துக்குள் மாடி ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. முகம் தெரியவில்லை, ஒரு வாளியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. யாரென்று அவள் எட்டிப் பார்க்கவேயில்லை. கதவை அப்படி உலுக்குகிற கை இந்த ஊரில் ஒன்றுதான், அது தரை வழியாகவே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் முழுவதும் அவர் மேல்தான்.

"கூட்டிட்டு வரேன்னு சொன்னீல்ல! போயிடு! தொல்லை புடிச்சவனே!" ஜன்னல் சாத்திக்கொண்டது.

பிக்கிள்ஸ் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். சாக்கடை சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

"கதவ உடைச்சுப் போயிடுங்களேன். நீங்கதான் சர்க்கார் ஆளாச்சே" என்றேன்.

"சாயங்காலம் ஆறு மணி ஆயிட்டா ஒரு வீட்டுக்குள்ள நுழைய எனக்கு அதிகாரம் கெடையாது." தலையிலிருந்து சொட்டச் சொட்ட யோசித்தார். "சிரிச்சாரா டாக்டர்? நல்லாப் பாத்தீங்களா?"

"மீசை மேல ஏறிச்சு."

"வாங்க."

மேடு ஏறும்போது அவர் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் பிழிந்துகொண்டது. சூரியன் இன்னும் மலைக்கு மேலே இருந்தது. ஆஸ்பத்திரிக் கேட்டில் காவல்காரர் பைப் புகைத்துக்கொண்டிருந்தார். பிக்கிள்ஸின் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மழையா கீழே?"

"ஹோல்ராய்ட் குழந்தை" என்றார் பிக்கிள்ஸ். அந்த மனிதரின் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"க்ளாரியா? குளிச்சு முடிச்சு வேற ரூம்ல உக்காந்து கேக் தின்னுட்டிருக்கு. வாய் மூட மாட்டேங்குது. எப்போய்யா கூட்டிட்டுப் போவீங்க?"

நான் காவல் அறையின் சுவரில் சாய்ந்துகொண்டேன். பிக்கிள்ஸ் ஈரத் தொப்பியைப் பிழிந்தார், அது பிழியக் கூடிய தொப்பி இல்லை. சத்தம் கேட்டு டாக்டர் ஆம்ப்ளர் வெளியே வந்தார்.

"டாக்டர் சார்" என்று நான் முந்திக்கொண்டேன், "இன்னிக்கு மத்தியானம் அந்தச் சுருட்டி வெச்ச மெத்தை பக்கத்துல நின்னுகிட்டு என்ன சொன்னீங்க? அப்படியே அதே வார்த்தையில சொல்லுங்க."

அவர் குழம்பினார். "என்ன சொன்னேன்? ஹோல்ராய்ட் பொண்ணுக்கு நேத்து ராத்திரியோட பூச்சு நின்னு போச்சு, நாளைக்குக் கொண்டு போயிடலாம்னேன். தோல் உரியறது நின்னா பூச்சும் நிறுத்திடுவோம். ஏன்?"

பூச்சு.

காவல் அறை ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சொன்னேன்: பூச்சு. பிறகு சொன்னேன்: மூச்சு. கண்ணாடியிலிருந்த ஹெஸ்டர் இரண்டு முறையும் ஒரே மாதிரி உதட்டை ஒட்டினாள், ஒரே மாதிரி குவித்தாள். கிண்ணம் நிறைய மாவு என் கண் முன்னால் வந்து நின்றது.

"பாவு, மாவு" என்றேன்.

"என்னது?" என்றார் பிக்கிள்ஸ்.

"அவ மூச்சுன்னு படிச்சிருக்கா! நீங்களே சொல்லிப் பாருங்க, பூ... மூ..."

அவர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் சொல்லிப் பார்த்தார். காவல்காரர் பைப்பை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் ஆஸ்பத்திரி வாசலில் நாலு பெரியவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு பூ, மூ என்று நின்றோம்.

"அப்ப சிரிச்சது எதுக்கு?" எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

டாக்டரின் காது சிவந்தது. "என் மீசை பூட்ஸ் துடைக்கிற பிரஷ் மாதிரி இருக்காம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதத்தான் நர்ஸ்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

பிக்கிள்ஸ் நிமிர்ந்தார். "குழந்தைய இப்பவே கொண்டு போறேன் சார்."

"விதிப்படி நாளைக்குக் காலையிலதான்..."

"விதி எனக்குத் தெரியும் சார், பாதி நான் எழுதினது. ஒரு தாய் அங்க திரைய இறக்கிட்டு உக்காந்திருக்கா. வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

இப்படித்தான் நான் காய்ச்சல் வண்டிக்குள் ஏறினேன். அந்தப் பால் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எத்தனை வருஷம் மண்டையைக் குடைந்திருக்கிறேன்! சொல்கிறேன்: ஒரு படுக்கை, ஒரு பெஞ்சு, சிவப்புக் கம்பளி, கண்ணைக் கரிக்கும் கார்பாலிக். ஆணியில் ஒரு மரக் குதிரைப் பொம்மை தொங்கியது. வேறு ஒன்றும் இல்லை. ஏமாற்றம்தான், ஆனால் பார்த்தாகிவிட்டது.

எதிரே க்ளாரி. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், முகம் இளைத்து வாய் மட்டும் பெரிதாகியிருந்தது. "இன்ஸ்பெக்டர் மாமா ஏன் நனஞ்சிருக்காரு? நீங்க ஏன் வந்தீங்க, உங்களுக்கும் காய்ச்சலா? என் செருப்பு எங்கே?"

பிக்கிள்ஸ் போகிற வழியில் தன் கிடங்கின் முன் வண்டியை நிறுத்தி, உள்ளே போய்க் கட்டைச் செருப்பை எடுத்துவந்தார். ஈர மண்டியை வண்டித் தரையில் ஊன்றி அவரே மாட்டிவிட்டார்.

வண்டி பாபின் தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் காலரைப் பிடித்தார்கள். முனையில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெட்டி வருகிறது என்று நினைத்து. செலினா வீட்டு முன் நின்றது. கதவு மூடியிருந்தது. திரை இறங்கியிருந்தது.

"அம்மா!" என்று க்ளாரி கத்தினாள். தெருவில் எல்லோருக்கும் கேட்டது, கேட்க வேண்டியவளைத் தவிர. பிக்கிள்ஸ் கதவைக் குத்தக் கையை ஓங்கியவர் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்து ஓர் அடி பின்வாங்கினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வாயைப் பார்த்தால்தான் அவளுக்குச் செய்தி போகும். அவளோ திரையை இறக்கிவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரையைத் தூக்கச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் திரையைத் தூக்க வேண்டும்.

"நீங்க தட்டினா நான்னு அம்மாவுக்குத் தெரியாது மாமா" என்றாள் க்ளாரி, ஏதோ மக்குப் பையனுக்குச் சொல்வது போல. படியில் ஏறினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரும்பு லாடத்தால் வாசல் கல்லை உதைத்தாள்.

டக் டக், டமார்.

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒருவர் மூச்சு விடவில்லை. காலரைப் பிடித்திருந்த பிள்ளைகள் எப்படியும் விடுவதாக இல்லை.

டக் டக், டமார்.

கீழ் ஜன்னல் திரை சுருளிலிருந்து அறுந்தது போல் படாரென்று மேலே ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் செலினா. முகம் என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை. இத்தனை வாரப் பழக்கம் பாருங்கள், இரண்டு பேருக்கும் கதவு ஞாபகம் வரவில்லை. க்ளாரி படியிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு நேரே போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள், சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. வெகு நேரம் போலத் தோன்றியது. நான் அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன், ஒரு வார்த்தை புரியவில்லை. என்ன பேசினார்கள் என்று பிறகு எத்தனையோ தடவை செலினாவைக் கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்ல" என்கிறாள். அந்த ஒண்ணுமில்லைக்காக என் தையல் மிஷினையே கொடுப்பேன்.

பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அம்மாவின் இடுப்பிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு க்ளாரி தெருவை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லா வீட்லயும் ஏன் திரை போட்டிருக்கு? யாரும்மா செத்துட்டா?"

எதிர்ச்சாரியில் ஒரு திரை மெதுவாக ஏறியது. பிறகு அடுத்தது. பிறகு சர் சர்ரென்று தெரு முழுக்க. கடைசியாக ஏறியது மிசஸ் க்ராப்ட்ரீ வீட்டுத் திரை. கதவைத் திறந்து வெளியே வந்தாள், இடுப்பில் கை.

"அப்ப ஹாம என்ன பண்றது?"

"தின்றதுதான்" என்றாள் செலினா. மிசஸ் க்ராப்ட்ரீயின் உதட்டை அவ்வளவு தூரத்திலிருந்து படித்துவிட்டாள்.

தின்றோம். சாவுக்கு வெந்த ஹாம் இவ்வளவு ருசியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிக்கிள்ஸ் தொப்பி இல்லாமல், செலினா புருஷனின் பழைய சட்டையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தட்டில் கைவைத்தபோது செலினா அவர் எதிரே வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"நீங்கதானே தொல்லை இன்ஸ்பெக்டர்?"

"ஆமாம்மா."

"ஒரு புகார் இருக்கு. அந்த டாக்டர் மீசை. மேலுதட்ட முழுசா மூடிக்கிட்டிருக்கு. அத வெச்சுக்கிட்டு அவன் எப்படி மனுஷங்ககிட்ட பேசலாம்? இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும். என்னோடது."

"மிசஸ் ஹோல்ராய்ட், அது நாத்தம் அடிச்சாத்தான்..."

"அடிக்குது! மருந்து நாத்தம்!" என்றாள் க்ளாரி, வாய் நிறைய ஹாமுடன்.

பிக்கிள்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "பதிஞ்சுக்கறேன்" என்றார்.

மீசை மேல் என்ன தப்பு என்று எனக்கு இன்றும் புரியவில்லை. வழவழவென்று சிரைத்த முகத்திலும் பூவும் மூவும் ஒன்றுதான், என் வீட்டுக் கண்ணாடியில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஜோசையாவையும் சொல்லச் சொல்லிப் பார்த்தேன், முதல் தடவையிலேயே தூங்கிவிட்டார். ஆனால் இதைச் செலினாவிடம் யார் சொல்வது?

அடுத்த ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க ஒரு குழந்தையும் இல்லை. இருந்தாலும் காற்று வாங்க மேட்டு வெளிப் பக்கம் போனேன். கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் காற்றுக்காகத்தான். டாக்டர் ஆம்ப்ளர் ஜன்னலைத் தாண்டிப் போனார். மீசை இருந்தது. ஆனால் ஒட்ட வெட்டி, புருவம் போல மெல்லிசாக. இரண்டு உதடும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன, குழந்தைக்கு இருப்பது போலச் சிவந்த உதடுகள்.

திரும்பி வரும்போது பிக்கிள்ஸ் ஒரு பன்றிக் கொட்டிலை அளந்துகொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"தொல்லை நீக்கப்பட்டது, மிசஸ் ஸ்க்ரிவன்" என்றார்.